வேப்பமரத்தடியில் விழுந்த சூரியன்கள்

இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு 2019 டிசம்பர் 26 கட்டாயம் நினைவிருக்கும். காலை ஒன்பதரை மணிவாக்கில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. நிலாவின் வட்டம் அன்று சற்றுச் சிறியதாகத் தெரிந்ததால் சூரியனை முழுசாக மூட முடியவில்லை. விளிம்பு மட்டும் மிஞ்சியது. ஏறக்குறைய மூன்று நிமிடம். கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று நிழல் ஓடிய பாதையில் இலுப்பூரும் இருந்தது.

கோளரங்கத்தில் பாடம் சொல்வது என் வேலை. விளக்கை அணைத்தால் குவிமாடத்தில் எந்தக் கிரகணத்தையும் காட்டிவிடலாம். ஆனாலும் நான் நடத்தியதிலேயே எனக்குப் பிடித்த பாடம் வேப்பமரத்தடியில் நடந்ததுதான். அன்று பள்ளிப் பிள்ளைகளிடம், "மேலே பார்க்காதீங்க, தரையைப் பாருங்க" என்றேன். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகிச் சூரியனைப் படம் பிடித்தது. முதலில் மண்ணெல்லாம் பிறை. பிறகு கண்ணாடி வளையல்களைக் கொட்டிவைத்தாற்போல் வளையங்கள்! ஒரு சிறுமி உள்ளங்கையை நீட்டி ஒன்றை ஏந்திக்கொண்டாள்.

நாளைக்கே உங்கள் வீட்டு மரத்தடியில் பாருங்கள். இலை இடுக்கு கோணல்மாணலாக இருக்கும். வெளிச்சமோ வட்டமாக விழும். அதுவும் சூரியனின் படம்தான்.

கிரகணத்தின்போது மட்டும்தான் உலக்கை நிற்கும் என்று நம்பி, அதை நிறுத்திவைத்துக் கதவை அடைத்துக்கொண்டவர்களும் அன்று உண்டு. ஒரு பாட்டியிடம், "மறுநாளும் நிறுத்திப் பாருங்க ஆத்தா" என்றேன். நின்றது. அடி தட்டையான உலக்கை என்றைக்கும் நிற்கும். அப்புறம் அவரே அக்கம்பக்கத்தில் நிறுத்திக் காட்டினார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எக்ஸ்ரே படம், கரி பூசிய கண்ணாடி, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் கண்ணைக் காக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. கருகினாலும் உடனே உறைக்காது. தரமான கிரகணக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்து, அதன் நிழலைப் பாருங்கள்.

2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கு மேல் பகல் இருண்டுவிடும். நமக்குச் சாயங்காலம் சூரியனில் ஒரு பகுதி மறையும். 2031 மே 21, மதியம் ஒரு மணிவாக்கில், மதுரைப் பக்கம் மறுபடி வளையமே தெரியும்!

நேரம் நெருங்குகிறது. கண்ணாடி, கரண்டி, மரநிழல், மூன்றையும் மறக்காதீர்கள். அந்த நாட்களில் எந்த வீட்டுக் கதவும் அடைபடாமல், பெரியவர்களும் பிள்ளைகளோடு வெளியே வரவேண்டும் என்பது என் ஆசை.