சிறு காயமும் நட்டஈடும்

பெரிய வீதி விபத்தொன்று நேர்ந்தால் என்ன செய்வது என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. வைத்தியசாலைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் போயே ஆகவேண்டும். ஐயம் எழுவது சிறு விபத்திலேதான். வண்டியில் ஒரு நெளிவு, உடலில் ஒரு நோவு. இதற்காக நட்டஈடு கேட்பது பேராசையா, கேளாமல் விடுவது பெருந்தன்மையா? எங்கள் ஊரிலே நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இந்த வினாவை இன்று ஆராய விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகருக்குச் செல்லும் வீதியிலே, மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையே இருப்பது சண்டிலிப்பாய். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நான் ஒருநாள் மைமற் பொழுதில் மானிப்பாயிலிருந்து முச்சக்கர வண்டியொன்றிலே வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். சண்டிலிப்பாய்ச் சந்தியை அணுகும்போது மாடொன்று வீதியைக் கடந்தது. சாரதி வேகத்தைத் தணித்தார். பின்னால் வந்த மோட்டார் வண்டி எங்கள் வண்டியிலே மோதியது. மோதல் பெரிதன்று. ஆயினும் முச்சக்கர வண்டி வீதியோரத்துக்குச் சரிந்தது. சாரதி வலக்கையை நிலத்தில் ஊன்றியபடி வெளியே விழுந்தார். என் தலை பின்னே சாய்ந்து மீண்டும் முன்னே வந்தது. எழுந்து பார்த்தோம். இருவருக்கும் இரத்தக் காயம் இல்லை.

மோட்டார் வண்டியைச் செலுத்தி வந்தவர் ஓர் இளைஞர். அவருடைய தகப்பனார் என்னிடம் படித்தவர். இளைஞர் நடுங்கிப் போனார். “ஐயா, என்னுடைய பிழைதான். பொலிசுக்குப் போனால் எனக்குக் கரைச்சல். இதை வைத்துக்கொள்ளுங்கோ, இனி ஒரு பிரச்சினையும் இல்லை என்று ஒரு துண்டு மட்டும் எழுதித் தாருங்கோ” என்று ஐயாயிரம் ரூபாவை நீட்டினார்.

சாரதியோ அதற்கு இணங்கிவிட்டார். “பரவாயில்லை ஐயா, கை கொஞ்சம் நோகுது. எண்ணெய் பூசினால் மாறிவிடும்” என்றார். முறிவு நெரிவுக்கு எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. அயலூராகிய மானிப்பாயிலே 1848 ஆம் ஆண்டிலேயே கிறீன் வைத்தியர் வைத்தியசாலை தொடங்கிப் பின்னர் தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார் என்ற பெருமை நமக்கு உண்டு. எனினும், நொந்த கையை வைத்தியரிடம் காட்ட நாம் இன்னும் தயங்குகிறோம்.

நான் இருவரையும் தடுத்தேன். “தம்பி, காசும் வேண்டாம், துண்டும் வேண்டாம். இன்றைக்கு எதையும் முடிக்க வேண்டாம்” என்றேன். வண்டியின் இலக்கம், இளைஞரின் பெயர், விலாசம், காப்புறுதிப் பத்திரத்தின் விபரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டோம். பின்னர் மூவரும் பொலிஸ் நிலையம் சென்று முறைப்பாட்டைப் பதிந்தோம். காயம் விளைந்த விபத்தைப் பொலிசாருக்கு அறிவிப்பது சாரதியின் சட்டக் கடமை. அதில் பகை ஏதும் இல்லை.

மறுநாட் காலையில் என் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இத்தகைய தசைப் பிடிப்பு விபத்து நேர்ந்த உடனே தெரியாமல், சில மணி நேரம் கழித்தோ அடுத்த நாளோ வெளிப்படுவது உண்டு. பெரும்பாலானோருக்கு அது சில வாரங்களில் மாறிவிடும். கைகால் மரத்தல், வலுக்குறைதல், கடுந்தலையிடி, வாந்தி, மயக்கம் போன்றவை தோன்றினால் மாத்திரம் தாமதியாது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். எனக்கு அவை இல்லை. கழுத்தை மெல்ல அசைத்துப் பழகுமாறு வைத்தியர் கூறினார். மூன்று வாரத்தில் நோவு மாறியது.

சாரதியின் கதை வேறு. அவருடைய பெருவிரலின் அடியிலுள்ள பள்ளத்தை வைத்தியர் அழுத்தியபோது அவர் துடித்துப் போனார். எக்ஸ்-கதிர்ப் படத்தில் முறிவு ஏதும் தெரியவில்லை. ஆயினும் வைத்தியர் கையை மட்டைவைத்துக் கட்டி, இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொன்னார். மணிக்கட்டிலே எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. அவற்றுள் படகு போன்ற வடிவுடைய ஒன்று, கையை ஊன்றி விழுவோருக்கு முறிவது வழக்கம். அம்முறிவு முதற் படத்திலே புலப்படாமல் பத்துப் பதினான்கு நாட்களின் பின்னரே தெரியவரலாம். அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனியாது விட்டால் அது பொருந்தாமலே போய்க் கையை நிரந்தரமாகப் பலவீனப்படுத்திவிடும். இரண்டாவது படத்தில் முறிவு தெரிந்தது. கைக்கு மாவுக்கட்டுப் போடப்பட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக அவரால் வண்டியைத் தொட முடியவில்லை. நாளாந்த உழைப்பு நின்றது. வண்டிக்கான லீசிங் தவணை நிற்கவில்லை.

அன்று சந்தியிலே ஐயாயிரம் ரூபாவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாக ஒப்பமிட்ட பின், அதனைத் திரும்பத் திறப்பது மிகக் கடினம்.

இதற்கிடையில் இலண்டனிலுள்ள என் மருமகன் தொலைபேசியிற் பேசினார். “மாமா, கழுத்து நோவுக்கு இங்கே எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள், நீங்களும் கேளுங்கோ” என்றார். அங்குள்ள நிலையை விசாரித்தேன். இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வகைக் கோரிக்கைகள் பெருகியமையால் 2018இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2021 மே 31 முதல் கழுத்து நோவுக்கு நிரற்படுத்திய தொகை விதிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு மேற்படாத நோவுக்கு முதலில் 240 பவுண். 2025 மே 31 முதல் நேரும் விபத்துகளுக்கு 275 பவுண். அச்சட்டத்தின் இன்னொரு விதி என் கவனத்தைக் கவர்ந்தது. வைத்திய அறிக்கை பெறுமுன் இத்தகைய கோரிக்கையைப் பணம் பேசித் தீர்ப்பதே அங்கு தடைசெய்யப்பட்டிருக்கிறது. சண்டிலிப்பாய்ச் சந்தியில் நாங்கள் செய்ததும் அதுவே.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தின் அனுபவமும் சிந்தனைக்குரியது. நோவுக்கும் வேதனைக்குமாக வழக்காடிப் பணம் பெறும் முறையை அங்கே 1995இல் நீக்கினார்கள். 2000இல் வெளியான ஆய்வின்படி, கழுத்து நோவுக் கோரிக்கைகள் குறைந்தன. முன்பு நடுத்தரமாக 433 நாட்களில் முடிவுற்ற கோரிக்கைகள் ஏறத்தாழ 200 நாட்களில் முடிவுற்றன. நோவெல்லாம் நடிப்பு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வழக்கை நினைத்து நோவை நாள்தோறும் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு நோவும் நீளக்கூடும் என்பதே நான் அதிலிருந்து பெற்ற பாடம்.

இனி, நம் நாட்டுச் சட்டம். யாழ்ப்பாணத்தவருக்குரிய தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்டது. அது முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் முதலியவற்றைப் பற்றியது. ஒருவரின் கவனயீனத்தால் இன்னொருவருக்கு நேரும் காயத்தை உரோம டச்சுச் சட்டமே ஆளுகின்றது. வைத்தியச் செலவு, இழந்த வருமானம் ஆகியவற்றோடு பட்ட வேதனைக்கும் அதன்கீழ் நட்டஈடு கேட்கலாம். காயம் நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே வீதியிலே நின்றபடி முடிவுசெய்ய வேண்டிய அவசரம் எவருக்கும் இல்லை. வழக்குத் தொடுத்தால் மாத்திரம், அதற்கு முன்போ தொடுத்த ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் தீர்ப்புப் பணத்தைக் கம்பனியிடம் பெற முடியாது. குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் பலவற்றுக்கு, நீதிமன்றத்தின் முன்னதாக மத்தியஸ்த சபையும் உண்டு.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீதியில் ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருக்கவேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அது வண்டிக்காரரின் சொந்த நலத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. காயமுற்ற அயலானுக்காகவும் ஏற்பட்டது. “தெரிந்த பிள்ளையிடம் எப்படிக் காசு கேட்பது?” என்று சாரதி என்னிடம் கேட்டார். “தம்பி, அந்தப் பிள்ளை ஆண்டுதோறும் காப்புறுதிப் பணம் கட்டி வந்தது இப்படி ஒரு நாளுக்காகத்தான்” என்றேன்.

சாரதிக்கு இன்னுமொரு தயக்கம் இருந்தது. சில நாள் சென்றபின் தனியே வந்து சொன்னார்: “ஐயா, அன்றைக்கு என்னுடைய வண்டியின் பின்விளக்கு ஒன்று எரியவில்லை.” தம் பக்கமும் குறை இருப்பதால் எதுவும் கேட்க உரிமையில்லை என்று அவர் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் தவறு. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காயமுற்றவரிடமும் கவனயீனம் இருந்தால் அதற்கேற்ப நட்டஈடு குறைக்கப்படுமேயன்றி, முற்றாக மறுக்கப்படுவதில்லை. விளக்கை மறைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை கூறினார். என் கழுத்து நோவையும் பெருப்பித்துச் சேர்த்தால் வழக்கு வலுக்கும் என்றும் அவரே கூறினார். இரண்டுக்கும் நாங்கள் உடன்படவில்லை. ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான முறிவையும் எவர் நம்புவார்?

ஆகவே நான் நட்டஈடு கேட்கவில்லை. அரசினர் வைத்தியசாலையிலே எனக்குச் செலவில்லை, ஓய்வூதியம் தடைப்படவில்லை, நோவு மாறிவிட்டது. அந்த அளவுக்காக அலைவது எனக்குத் தேவையாகப் படவில்லை. சாரதியோ கேட்கக் கடமைப்பட்டவர். அவர் வீட்டிலே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவர் கையைத்தான் நம்பியிருந்தார்கள். உழைப்பிழந்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதினார். தவணைச் சீட்டுகளையும் வைத்தியக் குறிப்புகளையும் சேர்த்து வைத்தார். விளக்கின் குறையையும் மறைக்காமல், மல்லாகத்திலே ஒரு சட்டத்தரணி மூலம் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதினார். பல மாதம் சென்றது. வழக்கு விசாரணை வரை போகாமலே, விளக்குக்காக ஒரு பங்கு குறைக்கப்பட்டு, மிகுதி கிடைத்தது. நின்றுபோன தவணைகளை அதைக்கொண்டு கட்டினார். இளைஞருக்கு அடுத்த ஆண்டுக் காப்புறுதிக் கட்டணத்திலே கழிவு குறைந்தது, வேறு நட்டமில்லை. அவரும் சாரதியும் இன்றும் சந்தியிலே நின்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒரே வண்டியிலே, ஒரே கணத்திலே காயப்பட்ட இருவர் நாங்கள். கேளாமை எனக்குப் பொருந்திற்று. கேட்டல் அவருக்குப் பொருந்திற்று. அயலவர் என்ன சொல்வாரோ என்று அஞ்சியும் முடிவு செய்யலாகாது. பிறர் வாங்கினாரே என்று ஆசைப்பட்டும் முடிவு செய்யலாகாது. காயம் முற்றாகத் தெரியும்வரை பொறுத்திருந்து, உண்மையான இழப்பைக் கணக்கிட்டு, அந்த அளவையே கேட்க வேண்டும்.

சாரதியின் பெருவிரலுக்குப் பழைய பலம் முற்றாகத் திரும்பவில்லை. ஆனால் அவர் மீண்டும் வண்டி ஓட்டுகிறார். பின்விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்று மாலைதோறும் இறங்கிப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்கிறார்.