ஒரே பெயர், இரண்டு ஊர்கள்



ஒலிம்பிக் விளையாட்டை அறியாதவர் நம்மில் இல்லை. அப்பெயருக்கு மூலமான ஒலிம்பியா கிரேக்க நாட்டில் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஓர் ஒலிம்பியா உண்டு. முன்னது பழங்காலத் திருத்தலம். பின்னது இக்காலத் தலைநகர்.

கிரேக்க ஒலிம்பியா சேயுஸ் தேவனுக்குரிய வழிபாட்டுத் தலமாக விளங்கியது. தேவர்களின் உறைவிடம் என்று கிரேக்கர் நம்பிய ஒலிம்பஸ் மலையோ வடக்கே வெகு தொலைவில் உள்ளது. ஆகவே, முதல் ஒலிம்பியாவின் பெயரே இரவல்தான்! மரபுப்படி கி. மு. 776 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை அங்கே விளையாட்டு விழா நடந்தது. பீடியாஸ் என்ற சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் அமைத்த சேயுஸ் சிலை, உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று. அச்சிலை அழிந்துவிட்டது. அதைச் செய்த பட்டறையின் சுவர்கள் மட்டும் எஞ்சின. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் அதையே தங்கள் ஆலயமாக்கினார்கள். பின்னர் நிலநடுக்கமும் ஆற்று வண்டலும் யாவற்றையும் மூடின. 1875-ல் ஜெர்மானியர் தொடங்கிய அகழாய்வு அவற்றை வெளிக்கொணர்ந்தது.

இனி இரண்டாவது ஊருக்கு வருவோம். 1788-ல் ஜான் மீயர்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர், அமெரிக்காவின் மேற்குக் கடலிலிருந்து ஒரு பனிமலையைக் கண்டு ஒலிம்பஸ் என்று பெயரிட்டார். அந்த மலைத்தொடரைக் காணக்கூடிய கடற்கரையில் 1850-ல் அமைந்த ஊர் ஒலிம்பியா ஆயிற்று. 1889-ல் வாஷிங்டன் மாநிலம் உருவானபோது அதுவே தலைநகராயிற்று.

அவ்வூருக்குப் பெயர் வருமுன்பே, 1848-ல், அமலமரித் தியாகிகள் சபைக் குரு பாஸ்கல் ரிக்கார்ட் அங்கே புனித சூசையப்பர் பெயரில் மறைப்பணித் தளம் நிறுவினார். இதே சபையினர்தான் 1847-ல் இலங்கைக்கும் வந்தவர்கள். அந்தத் தளம் 1860-ல் மூடப்பட்டது. ஆனால் அவ்விடத்துக்குக் 'குருக்கள் முனை' என்ற பெயர் நிலைத்தது; பின்னர் அங்கே அமைந்த பூங்காவும் அதே பெயரைப் பெற்றது. 2022-ல் நகர மன்றம் அப்பெயரை மாற்றி, ஸ்குவாக்சின் பூங்கா என்று வைத்தது. குருக்கள் வருமுன்பே அக்கரையில் வாழ்ந்தவர்களின் வழிவந்த மக்களின் பெயர் அது.

குருக்களின் பெயர் போயிற்றே என்று நாம் வருந்த வேண்டுமா? அக்குருக்கள் கடல் கடந்து சென்றது அம்மக்களுக்காகவே. அவர்கள் பெயர் அங்கே நிற்பதில் குருக்களுக்கு இழுக்கொன்றுமில்லை.

அன்பர்களே, நம் பங்கின் பாதுகாவலர் பெயரைத் தாங்கும் ஆலயங்கள் வேறு எத்தனையோ ஊர்களில் உண்டு. அப்பெயர் நமக்கும் இரவலே. இந்த ஆலயம் எழக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்களோ இங்கு மட்டுமே உரியவை. கல்வெட்டில் அவற்றைக் காண முடியாது. முதியோர் நினைவில் இருக்கின்றன. இந்த ஜூபிலி ஆண்டு முடியுமுன் அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். காலம் தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளிருக்காது.