சார்ஜ் எங்கே போகிறது

கைபேசிப் பேட்டரியின் கொள்ளளவை மில்லி ஆம்பியர் மணி என்ற அலகில் சொல்வது வழக்கம். இன்று கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அது 5000-ஐ ஒட்டி இருக்கும். லித்தியம் அயனி பேட்டரியின் மின்னழுத்தம் சராசரியாக 3.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 19 வாட் மணி வரும். மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரண்டு மணி நேரம் எரியவிட எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அவ்வளவுதான் அந்தப் பேட்டரிக்குள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்தக் கருவி நாள் முழுவதும் பேச வேண்டும், படம் காட்ட வேண்டும், வழி சொல்ல வேண்டும், பணம் அனுப்ப வேண்டும். இந்தச் சிறிய கையிருப்பு எந்த வழியில் கரைகிறது என்று தெரிந்துகொண்டால், மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துபோகும் கைபேசியைக்கூடப் பலரும் இரவு வரை ஓட்டிவிட முடியும்.

முதல் செலவு திரை. வெயிலில் நின்று கைபேசியைப் பார்ப்பவர், எழுத்து தெரியவில்லை என்று பிரைட்னஸை முழுதாக ஏற்றுகிறார். வீட்டுக்குள் வந்த பிறகு அதை இறக்க மறந்துவிடுகிறார். மிச்ச நாள் முழுவதும் தேவையில்லாத வெளிச்சத்துக்கு பேட்டரி செலவாகிறது. சுற்றுப்புற ஒளிக்கு ஏற்பத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி பெரும்பாலான கைபேசிகளில் உண்டு. அதை இயக்கி வைத்தால் இந்த மறதிக்கு இடமில்லை. யாரும் தொடாதபோது திரை 30 விநாடியில் அணையும்படி வைப்பதும் நல்லது. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவது நீண்ட நாள் வழக்கம். இப்போது 90, 120 என்று கூடியிருக்கிறது. விரலால் தள்ளும்போது காட்சி வழுக்கிக்கொண்டு போகும் அழகு அதனால் வருவதுதான், அதற்கும் ஒரு விலை உண்டு. சார்ஜ் குறைவாக இருக்கும் நாளில் 60-க்கு இறக்கிவிட்டால் படிப்பதற்கோ பேசுவதற்கோ ஒரு குறையும் வராது.

திரையைக் கறுப்பாக்கும் டார்க் மோடு பற்றிப் பலருக்கும் பெரிய நம்பிக்கை இருக்கிறது. அது எந்தத் திரை என்பதைப் பொறுத்தது. எல்.சி.டி. திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால், கறுப்பைக் காட்டினாலும் செலவு குறையாது. ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓ.எல்.இ.டி. கைபேசிகளில் இதை அளந்து பார்த்தார்கள். பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதம் வரை இருந்தபோது டார்க் மோடால் மிச்சமானது சராசரியாக 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. முழுப் பிரைட்னஸில் அது 39 முதல் 47 சதவீதம் வரை போனது. ஆகவே வீட்டுக்குள் மிதமான வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு டார்க் மோடு கண்ணுக்கு இதமாக இருக்கலாம், பேட்டரிக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது. வெயிலில் வேலை செய்பவருக்குத்தான் அது உண்மையான சேமிப்பு.

இரண்டாவது செலவு கண்ணுக்குத் தெரியாதது, அதனாலேயே யாரும் கவனிக்காதது. கைபேசி ஒரு வானொலிக் கருவி. டவர் அனுப்பும் அலையை அது வாங்குகிறது, தானும் டவருக்கு அலை அனுப்புகிறது. டவர் பக்கத்தில் இருந்தால் மிகக் குறைந்த ஆற்றலில் அனுப்பினால் போதும். தூரம் கூடக் கூட, நடுவே கான்கிரீட் சுவரும் மலையும் வர வர, கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. 4ஜி கைபேசி வெளியிடும் அலையின் உச்ச அளவு பொதுவாக 0.2 வாட். சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் இதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டியிராது. அந்த 0.2 வாட்டை வெளியே அனுப்புவதற்காக உள்ளே இருக்கும் பெருக்கி பேட்டரியிலிருந்து எடுப்பதோ அதைப்போலப் பல மடங்கு. அதோடு, சிக்னல் மோசமாக இருந்தால் ஒரே படத்தை அனுப்பப் பிடிக்கும் நேரமும் நீள்கிறது. அத்தனை நேரமும் பெருக்கி ஓய்வில்லாமல் உழைக்கிறது.

ரயிலில் போகும்போது சார்ஜ் மளமளவென்று இறங்குவது இதனால்தான். பெட்டியின் இரும்புச் சுவர் சிக்னலைக் குறைக்கிறது. வண்டி ஓட ஓடக் கைபேசி ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. ஊர்களுக்கு இடையே சிக்னல் அறுந்துபோனால், தனக்குத் தெரிந்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவித் தேடுகிறது. பார்க்கப்போகும் படத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத பகுதியில் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால், அதே பயணத்தில் பேட்டரி வெகுவாக மிஞ்சும். மலைப்பாதைக்கும் இதுவே பொருந்தும். இரண்டு சிம் போட்ட கைபேசியில் ஒரு சிம்முக்கு மட்டும் சிக்னல் கிடைக்காத ஊர்கள் உண்டு. அந்த ஊரில் இருக்கும்வரை அந்த சிம்மை அணைத்து வைக்கலாம். 5ஜி வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில் 4ஜி என்று நிறுத்திவிடுவதும் பயன் தரும். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருந்தால் மொபைல் டேட்டாவைவிட அதுவே சிக்கனம், ஏனென்றால் ரௌட்டர் சில அடி தூரத்தில் இருக்கிறது, டவர் எங்கோ இருக்கிறது.

புயல் நாட்களில் இந்த விஷயம் உயிர்நிலையானது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் டவரும் தன் பேட்டரியிலோ ஜெனரேட்டரிலோதான் ஓடுகிறது. அது தீர்ந்ததும் பக்கத்து டவர் அடங்கிவிடுகிறது. கைபேசி தொலைவில் உள்ள வேறொரு டவரைப் பிடிக்கப் போராடுகிறது. சார்ஜ் போட வழியே இல்லாத வேளையில்தான் சார்ஜ் மிக வேகமாகத் தீர்கிறது. அப்போது கைபேசியை ஃபிளைட் மோடில் வைத்து, உறவினர்களோடு பேசிவைத்துக்கொண்ட நேரத்தில் மட்டும் திறப்பதே சரி. பேச்சைவிடக் குறுஞ்செய்திக்குச் செலவு குறைவு. மங்கலான சிக்னலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். வீட்டில் கைபேசி இரண்டு இருந்தால் ஒன்றை முழுதாக அணைத்துவிட வேண்டும். எஃப்.எம். வசதி உள்ள கைபேசியில் கம்பி இயர்போனைச் செருகினால், டேட்டாவே இல்லாமல் வானொலிச் செய்தியைக் கேட்கலாம்.

பவர் பேங்க் வாங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மேலே 10,000 என்று எழுதியிருப்பது உள்ளே உள்ள பேட்டரியின் அளவு. அதை 5 வோல்ட்டுக்கு மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது. 5000 கொள்ளளவுள்ள கைபேசியை அது இரண்டு தடவை நிரப்பாது, ஏறக்குறைய ஒன்றரை தடவைதான் நிரப்பும்.

செயலிகளைப் பொறுத்தவரை பரவலாக உள்ள ஒரு பழக்கம் வீண்வேலை. திறந்த செயலிகளையெல்லாம் அடிக்கடி மேலே தள்ளி மூடுவதால் பேட்டரி மிச்சமாவதில்லை. பின்னணியில் கிடக்கும் பெரும்பாலான செயலிகளைக் கைபேசியே உறைநிலையில் வைத்திருக்கிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் செலவு கூடவும் கூடும். பேட்டரிக்காக அப்படி மூடத் தேவையில்லை என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2016-இல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்பினார். ஆண்ட்ராய்டிலும் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து, கைபேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளைத் தானாகத் தூங்க வைக்கும் ஏற்பாடு இருக்கிறது.

பயன் தருவது வேறு வேலை. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால் எந்தச் செயலி எத்தனை சதவீதம் எடுத்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதிகம் பயன்படுத்தாத ஒரு செயலி மேலே இருந்தால் அதுதான் திருடன். பெரும்பாலும் காரணம் இருப்பிட அனுமதி. உணவு வரவழைக்கும் செயலிக்கும் வண்டி அழைக்கும் செயலிக்கும், பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் தெரிந்தால் போதும். எப்போதும் என்று அனுமதி கொடுத்திருந்தால் அதை மாற்ற வேண்டும். அடுத்தபடி, பின்னணியில் இயங்குவதைத் தடுக்கலாம், வேண்டாத அறிவிப்புகளை நிறுத்தலாம். பேட்டரி சேவர் என்ற பொத்தான் இந்த வேலைகளில் பலவற்றை ஒரே தட்டில் செய்துவிடுகிறது. 15 சதவீதத்துக்கு இறங்கும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நீண்ட நாள் என்று தெரிந்தால் காலையிலேயே போட்டுவிடலாம்.

டேப்லெட்டில் பேட்டரி பெரிது, திரையும் பெரிது. சிம் இல்லாத டேப்லெட்டில் டவர் தேடும் செலவே கிடையாது. அங்கே பிரைட்னஸைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

இவையெல்லாம் அன்றாடச் செலவு. பேட்டரியின் கொள்ளளவே ஆண்டுக்கு ஆண்டு சுருங்குவது தனிக் கதை. லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு முறை நிரம்பி வடியும்போதும் உள்ளே லித்தியத்தில் சிறிதளவு பக்கவினைகளில் சிக்கிப் பயனற்றுப் போகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் கருவியை வைப்பது பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் தரலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. கத்திரி வெயிலில் வேலூரும் சென்னையும் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கிடக்கும் கைபேசி அதைவிட அதிகச் சூட்டில் வேகிறது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதும், சார்ஜ் ஏறும்போதே கேம் ஆடுவதும் இதே கெடுதலைத் தருபவை. சூடான கைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, உள்ளே ஈரம் படியும். உறையைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் போதும்.

முழுதாகக் காலிசெய்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன விதி. லித்தியம் பேட்டரிக்கு அது பொருந்தாது. 20-க்குக் கீழே இறங்காமல், முடிந்த நாளில் 80-ஐ ஒட்டி நிறுத்தினால் ஆயுள் கூடும். 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல கைபேசிகளில் வந்துவிட்டது. வீட்டிலேயே இருப்பவர் அதைப் பயன்படுத்தலாம். காலையில் கிளம்பி இரவு திரும்புபவர் 100 வரை ஏற்றிக்கொண்டு போவதில் தவறில்லை, பேட்டரி இருப்பது பயன்படுத்தத்தானே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், 800 முறை முழுதாக நிரப்பிக் காலிசெய்த பிறகும் 80 சதவீதக் கொள்ளளவாவது மிஞ்ச வேண்டும் என்ற விதி புதிய கைபேசிகளுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது.

கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் செட்டிங்ஸை எவ்வளவு மாற்றினாலும் முன்போல நேரம் கிடைக்காது. அப்போது புதிய கைபேசிக்குப் பதிலாகப் புதிய பேட்டரி மட்டும் போட்டாலே பழைய நேரம் திரும்பிவிடும். பின்மூடி மேலெழும்பியிருந்தாலோ திரை ஓரத்தில் விலகியிருந்தாலோ உள்ளே பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, மறுபடி சார்ஜும் போடக் கூடாது. கைபேசியை அணைத்து சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்க்க வேண்டும்.