சூரனுக்குக் கிடைத்த இடம்

(கந்தர் சஷ்டி விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற பள்ளி விடுமுறையில் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். ஹாரி பாட்டர் நூல்கள் ஏழையும் படித்தவள் அவள். அக்கதையில் ஸ்னேப் என்றோர் ஆசிரியர் வருகிறார். இளமையில் கொடியவன் கூட்டத்தில் சேர்ந்து, பின்னர் மனம் மாறி, இறுதியில் உயிரையும் விடுகிறார். ஆனால் வகுப்பில் பிள்ளைகளை ஏளனம் செய்வதை மட்டும் விடவில்லை. (முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கு அதுதான் உறுத்தியது.) "கடைசியில் நல்லது செய்துவிட்டால் முன்பு செய்ததெல்லாம் போய்விடுமா, தாத்தா?" என்றாள்.

நான் சூரபத்மனின் கதையைச் சொன்னேன். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்து, என் தந்தையார் எனக்குச் சொன்ன கதை அது.

காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாச்சாரியார் அருளிய கந்தபுராணம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. நாமோ தலை மாறி மாறி வரும் சூரனைப் பார்க்கிறோம், வேல் பாய்ந்ததும் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். போர்க்களத்தில் நடந்த ஒன்று நம் கண்ணில் படுவதில்லை. முருகப்பெருமான் தம் விசுவரூபத்தைக் காட்டுகிறார். சூரன் உருகிப் போகிறான். பாலன் என்று எண்ணினேனே என வருந்துகிறான், வணங்கவும் விரும்புகிறான். அத்திருவுரு மறைந்ததும் பழைய ஆணவம் திரும்பி வந்துவிடுகிறது!

அழுது மன்னிப்புக் கேட்ட மாணவன் மறுவாரமே அதே தவற்றோடு நிற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அழுகை பொய்யன்று. அது போதவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கடலில் மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது. சேவலும் மயிலுமாகி அப்போதும் எதிர்த்தே வருகிறான். பெருமானின் அருட்பார்வை பட்ட பின்னரே பகை தீர்கிறது. 108 யுகம் வாழ வரம் பெற்று, 1008 அண்டங்களை ஆண்டவனுக்குக் கிடைத்தது சுமக்கும் வேலை, கொடியில் நிற்கும் வேலை. அரியணை திரும்பவில்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அவன் சிறையில் வாடிய சயந்தனும் தேவர்களும் விடுவிக்கப்பட்டார்கள்.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. என்னிடம் படித்த ஒருவர், வழிப்பறி வழக்கில் சிறை சென்று திரும்பியவர், அன்னதானத்தில் பரிமாற அனுமதி கேட்டார். குழுவில் முதலில் "கூடாது" என்றவன் நான்தான். அவர் பறித்த சங்கிலிக்கு உரிய அம்மையாரும் இங்கு வருபவர். அவர் இலையில் இவர் சோறு போடுவதா? ஆனால் பேத்திக்குக் கதை சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அந்த அம்மையார் வீட்டுக்குப் போனேன்.

"கோயிலுக்கு வரட்டும், சார். என் பக்கம் மட்டும் வர வேண்டாம்" என்றார்.

அதன்படியே முடிவு செய்தோம். மடைப்பள்ளிக்குப் பின்புறம் அண்டா கழுவும் வேலை. உண்டியல், கணக்கு, சாவி எதுவும் கையில் கிடையாது. இது அவமானம் என்றார் ஓர் உறுப்பினர். இதுவே அதிகம் என்றார் மற்றவர். அவரோ எட்டு மாதங்களாக ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. (இருவரிடமும் கேட்டுக்கொண்டே பேசுகிறேன். யார் எவர் என்று என்னிடம் விசாரிக்க வேண்டாம்.)

சங்கிலியின் விலையை மாதந்தோறும் சிறிது சிறிதாக ஓர் உறையில் வைத்து என்னிடம் கொடுக்கிறார். முதல் இரண்டு மாதம் அம்மையார் உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் மாதம் வாங்கிச் சாமி படத்தின் கீழே வைத்தார். எண்ணிப் பார்க்கவில்லை. "அண்டாவெல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறதா, சார்?" என்று மட்டும் கேட்டார்.