ஒரே குக்கர், ஆறு தட்டு

(சென்ற மாதம் நமது கிளப் ஹவுஸில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எடை குறைய வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று ஒரு அரைமணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். அதனால் இதையும் கணக்காகவே சொல்கிறேன். தூக்கம் வந்தால் பின்வரிசையில் காபி இருக்கிறது. சர்க்கரை போடாதது.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். நாங்கள் ஆறு பேர். எனக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். எட்டு கிலோ குறைத்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம் என்றார் எலும்பு மருத்துவர். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமையில் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறதாம். எட்டு கிலோ என்றால் முப்பத்திரண்டு. இந்தக் கணக்கு எனக்கு உடனே பிடித்துவிட்டது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். மகனுக்கு நாற்காலி வேலை, அதற்குரிய தொப்பை. மருமகள் சரியான எடை. பேரனுக்கு எட்டு வயது, வளர்கிற பிள்ளை. என் மாமியாருக்கு 84 வயது, எடை 44 கிலோ. அவரைப் பார்க்கும் டாக்டர் அதே வாரம் சொன்னது, "பாட்டிக்கு இனி ஒரு கிலோகூட இறங்கக் கூடாது."

ஆக, ஒரே வீட்டில் எடை குறைய வேண்டியவர்கள் இரண்டு பேர், குறையவே கூடாதவர்கள் இரண்டு பேர். அடுப்பு ஒன்று. இந்தச் சிக்கலைப் பற்றித்தான் பேச வந்தேன். டயட் சார்ட் கொடுப்பவர்கள் ஒரு ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள். சமைப்பவர் ஆறு பேருக்குச் சமைக்கிறார்.

பொதுவாக என்ன நடக்கிறது? வீட்டம்மாவுக்கு டயட் என்றால் அவருக்கு மட்டும் தனியாக ஓட்ஸ் கஞ்சி, மற்றவர்களுக்கு வழக்கம்போல உருளைக்கிழங்கு ரோஸ்ட். வறுத்தவர் அதன் வாசனையில் நின்றுகொண்டு கஞ்சி குடிக்க வேண்டும். நம் பிளாக்குகளில் பதினைந்து நாள் இப்படி ஓடியவர்களை எனக்குத் தெரியும், இரண்டு மாதம் ஓடியவரைத் தெரியாது. இரண்டு சமையல் செய்ய உடம்பும் இடம் கொடுக்காது. அதனால் எங்கள் வீட்டில் ஆரம்பத்திலேயே ஒன்று முடிவு செய்தோம். சமையல் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் தட்டில் பரிமாறும்போது மட்டும்.

சமையல் ஒன்று என்றால் கணக்கும் ஒன்றாகிவிடுகிறது. எடை குறைக்கிற பலர் தட்டில் விழுவதை எண்ணிப் பார்க்கிறார்கள். எத்தனை இட்லி, எத்தனை தோசை என்று. அது சில்லறை எண்ணுகிற வேலை, ஒரு வாரத்தில் அலுத்துவிடும். நான் பார்த்தது வீட்டுக்குள் வருகிற சரக்கை. மாத ஆரம்பத்தில் கையிருப்பு, அதோடு அந்த மாதம் வாங்கியது, அதிலிருந்து மாதக் கடைசியில் மிச்சம் கழித்தால் செலவானது. எண்ணெய், நெய், அரிசி, சர்க்கரை, பருப்பு, கடலை என்று ஆறே வரி. மாதத்துக்கு ஒருநாள் கால்மணி நேரம் போதும்.

முதல் மாதக் கணக்கில் எண்ணெய் எல்லா வகையும் சேர்த்து 7 லிட்டர், நெய் அரைக் கிலோ. எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 6.9 கிலோ. ஆறு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் தினமும் பஜ்ஜி, போண்டா கிடையாது. எல்லாம் தாளிப்பிலும் தோசையிலும் பொரியலிலும் போனது.

எந்த எண்ணெய் நல்லது என்று இங்கே பலரும் கேட்பீர்கள். செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா, தேங்காய் எண்ணெயா, ஆலிவ் எண்ணெயா? இருதயத்துக்கு எது நல்லது என்பது தனிக் கேள்வி, அதை டாக்டரிடம் கேளுங்கள். எடைக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான். எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு 9 கலோரி. அரிசிக்கும் பருப்புக்கும் அதில் பாதிகூடக் கிடையாது. விலை அதிகமான எண்ணெயில் கலோரி குறைவு என்று எந்த விதியும் இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாலு சின்ன இட்லி சுமார் 200 கலோரி. அதற்கு மிளகாய்ப்பொடியில் குழி பண்ணி நல்லெண்ணெய் விடுகிறோமே, தாராளமாக இரண்டு டேபிள் ஸ்பூன் விட்டால் அதுவே 240. இட்லியை விட எண்ணெய் பெரிய சாப்பாடு! எங்கள் வீட்டில் இப்போது பொடிக்கு ஒரு டீஸ்பூன். மேலே வேண்டுமென்றால் கெட்டித் தயிரில் குழைத்துக்கொள்ளலாம். மகன் முதல் நாள் முகம் சுளித்தான், இப்போது தயிரைத்தான் தேடுகிறான்.

மற்றபடி மாற்றங்கள் சின்னச் சின்னவை. எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவது கிடையாது, ஸ்பூனால்தான். பீன்ஸ், கோஸ், கேரட் பொரியலுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி போட்டு வேகவைத்து, கடைசியில் ஒரு ஸ்பூனில் தாளிப்பு. கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் எண்ணெயைக் குடிக்கிற காய்கள். அவற்றை முதலில் ஆவியில் வேகவைத்துப் பிறகு வதக்கினால் பாதி எண்ணெய் போதும். அப்பளம் தணலில் சுட்டது. கூட்டுக்கு அரைமூடித் தேங்காய்க்குப் பதில் இரண்டு ஸ்பூன் தேங்காய், கெட்டித்தன்மைக்குப் பாசிப்பருப்பு ஒரு பிடி கூடுதல். சாம்பார், ரசத்தில் கை வைக்கவே இல்லை. நம் ரசத்தைப் போல எடைக்கு ஒத்துழைக்கிற பண்டம் வேறு இல்லை என்பது என் கட்சி.

ஐந்தாவது மாதம் எண்ணெய் நாலரை லிட்டருக்கு வந்தது, நெய் அதே அரைக் கிலோ. ஆளுக்கு 26 கிராமுக்குள். மிச்சமான இரண்டரை லிட்டரைக் கலோரியாக்கினால் மாதம் இருபதாயிரத்துக்கு மேல். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 சொச்சம். ஒரு கிலோ உடல் கொழுப்பு தோராயமாக 7,700 கலோரி. அதாவது எண்ணெயை மட்டும் குறைத்ததில் மாதம் அரைக் கிலோகூட இறங்காது. "ஒரே மாதத்தில் பத்து கிலோ" விளம்பரங்களுக்குப் பக்கத்தில் இது கேலியாகத் தெரியும். ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாருக்கும் தெரியக்கூட இல்லை.

அடுத்தது அரிசி. அரிசியை விட்டுவிட்டுச் சப்பாத்தி, சிறுதானியம் என்று மாறியவர்கள் நம்மில் நிறையப் பேர். நல்லதுதான், நார்ச்சத்து கூடும். ஆனால் கேழ்வரகோ தினையோ, நூறு கிராமுக்கு அரிசியோடு ஒப்பிட்டால் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. தினைப் பொங்கலில் நெய்யை ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டால் தினை என்ன செய்யும்? வெல்லமும் தேனும் அப்படித்தான், சர்க்கரையின் சொந்தக்காரர்களே. நாங்கள் அரிசியை மாற்றவில்லை, அளவைத்தான் மாற்றினோம். மதியத்துக்கு மூன்று டம்ளர் வைத்த இடத்தில் இப்போது இரண்டேகால். அந்த இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது. அதே வழிகாட்டியில் கீரை உள்படக் காய்கறி ஆளுக்கு 400 கிராம் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேருக்கு 2.4 கிலோ! தினமும் அவ்வளவு நறுக்க என்னால் ஆகாது. 1.8 கிலோ வரை வந்திருக்கிறோம், அதுவும் என் வீட்டுக்காரர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே நறுக்கிக் கொடுப்பதால். பீன்ஸ் சில நாள் விரல் நீளத்துக்கு இருக்கும். கேட்பதில்லை.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்ணெயிலும் நொறுக்குத்தீனியிலும் மிச்சமானதைக் காய்கறி சாப்பிட்டுவிட்டு, மேலே மாதம் ரூ.500 கேட்கிறது.

இப்போது தட்டுக்கு வருகிறேன். ஒரே சாம்பார், ஒரே கூட்டு, ஒரே சாதம். என் தட்டில் முதலில் காய், அதுவும் பாதித் தட்டு, பிறகு ஒரு கப் சாதம். மகனுக்கும் அப்படியே. வீட்டுக்காரருக்குச் சாத அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்தோம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகவே சாப்பாட்டைக் குறைத்தால், வேளை தவறினால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் தயவுசெய்து அடுத்த தடவை டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

பேரனுக்கும் அத்தைக்கும் அதே சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், கூடுதலாக ஒரு கரண்டி பருப்பு. பேரனுக்கு முட்டை. அத்தை முட்டை சாப்பிட மாட்டார், அவருக்குப் பாலும் தயிரும் பனீரும். சாயங்காலம் எல்லோருக்கும் சுண்டல். வயதானவர்களுக்கு எடை இறங்கினால் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகும். தசை போனால் பாத்ரூமில் கால் தடுமாறும். பிறகு இடுப்பு எலும்பு. அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் என் நோட்டில் சரக்குக் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் ஆறு பேர் எடையும் எழுதுகிறேன். மாதம் ஒரு முறை, ஞாயிறு காலை, காபிக்கு முன்னால். மூன்றாவது மாதம் எனக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எதிர் வரியில் அத்தை 42.8. டெபிட் பக்கம் டேலி ஆனால் மட்டும் போதாதே! பரிமாறுவது குறையவில்லை, பின் எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனித்தோம். அவருடைய பல் செட் தளர்ந்துவிட்டது. சுண்டலை மெல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் மறுபடி பல் டாக்டர், செலவு என்று நினைத்து, தன் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் பேரனுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவனும் சாட்சி சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "உனக்கே முட்டி வலி, என்னை வேற இழுத்துட்டு அலையணுமாம்மா" என்றார். எடை எழுதி வைக்காவிட்டால் இது எப்போது தெரிந்திருக்கும்? பல் செட் சரியாகிற வரை சுண்டலுக்குப் பதில் பாசிப்பருப்புப் பாயசம் மாதிரி ஒரு கஞ்சி, இளக வேகவைத்த பருப்பு, தயிர். இரண்டு மாதத்தில் 44-க்குத் திரும்பினார். இப்போது 44.3. வீட்டில் வயதானவர்கள் இருந்து, அதே வீட்டில் ஒருவர் இளைத்துக்கொண்டிருந்தால், இருவர் எடையையும் பாருங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்கிற தலைமுறை இல்லை.

இன்னொன்று, பெண்களுக்கு மட்டும். பிள்ளை வைத்த அரை தோசை, பாத்திரத்தில் ஒட்டிய ஒரு கரண்டி உப்புமா, வீணாகிறதே என்று நின்றபடி வாயில் போடுகிறோமே, அது எந்த நோட்டிலும் ஏறாத செலவு. குப்பைக்குப் போனால்தான் வீண் என்று இல்லை, வேண்டாத வயிற்றுக்குப் போனாலும் வீண்தான். பேரனுக்கு முதலிலேயே அரை தோசையாகப் போடுகிறேன். வேண்டுமென்றால் அடுத்த அரை.

வெளியில் வாங்குவதற்கும் நோட்டில் ஒரு பத்தி உண்டு. சனிக்கிழமை இரவு மகனும் மருமகளும் ஆர்டர் செய்வார்கள். தடை கிடையாது. மாதத்தில் எத்தனை முறை என்று மட்டும் எழுதுகிறேன். முதல் மாதம் 9, சென்ற மாதம் 4. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நோட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, அவ்வளவுதான். தீபாவளி மாதம் எண்ணெய் ஆறு லிட்டர் ஆனது. ஆகட்டும். முறுக்கு சுடாத தீபாவளியை அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார், நானும்தான்.

பத்து மாதத்தில் 76-லிருந்து 69.5-க்கு வந்திருக்கிறேன். இன்னும் ஒன்றரை கிலோ பாக்கி. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், குளிர்காலத்தில் இருக்கிறது. லிஃப்ட் ரிப்பேரான அன்று இரண்டு மாடி நிற்காமல் ஏறினேன். ஆபரேஷனுக்கு மருத்துவர் இன்னும் தேதி குறிக்கவில்லை.

அந்த ஆறு வரிக் கணக்குத் தாளை என் மருமகள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்திருக்கிறாள். நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறேன், பிரிண்ட் வேண்டுபவர்களுக்கு அலுவலக அறையில் இருபது பிரதி இருக்கிறது. முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பீன்ஸ் பற்றிய கேள்விகளை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.