மலைமேல் ஒரு கிடை



வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற சாலையில் இருக்கிறது மகாராஜபுரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறப் போகிற ஜனம் இந்த ஊரைத் தாண்டித்தான் போகும். அந்தக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு சாயங்கால நேரத்தில் அங்கே நின்று மேற்கே பாருங்கள். வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அப்புறம் நேரே மலைதான். கிழக்குச் சரிவில் விழுகிற மழை பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு வந்து, அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றைச் சேருகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு. அங்கே விழுகிற மழை வைகைக்கு.

மலைநாட்டு வாழ்க்கை என்றதும் நமக்கு ஆல்ப்ஸ் மலையும் பனிச்சிகரமும் ஞாபகத்துக்கு வரும். அங்குள்ள மாட்டுக்காரர்கள் 'ஆல்ப்' என்று சொல்வது சிகரத்தை அல்ல. கோடையில் மாடு ஓட்டிக்கொண்டு போய் மேய்க்கிற மலைப் புல்வெளிக்குத்தான் அந்தப் பெயர். இதைப் படித்தபோது எனக்குச் சதுரகிரிப் பாதைதான் நினைவுக்கு வந்தது. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று ஏறிப் போனால் 'சின்னப் பசுக்கிடை' வரும். இன்னும் மேலே போனால் 'பெரிய பசுக்கிடை'. மாடுகளை ராத்திரி ஒன்றாக மடக்கிப் போடுகிற இடம்தான் கிடை. சாமி கும்பிடப் போகிற வழிக்கு மாட்டுக்காரர்கள் வைத்த பெயர் இது. அந்தச் சாமியின் கதையே ஒரு மாட்டுக்காரனின் கதைதானே? பச்சைமால் என்கிற இடையனின் காராம்பசு மடியில் ஒரு துறவி பால் குடிக்க, அவன் கோபத்தில் கம்பை ஓங்கி அடிக்க, அடிபட்டவர் சிவன் என்று தெரிந்ததாம். சதுரகிரிக் கோயிலின் சுந்தர மகாலிங்கம் என்ற லிங்கம் சாய்ந்திருப்பதற்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்லும் காரணம் இதுதான்.

மலைக்குக் கீழே, அறுப்பு முடிந்த ஒரு வயலில் மலைமாட்டுக் கிடை ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். விடியக்காலம். பனியில் மாடுகளின் மூச்சு புகையாகக் கிளம்பியது. செவலை, மயிலை, காரி, மறை என்று எல்லா நிறமும் இருந்தன. உயரம் கம்மி, உடம்பு இறுக்கம். கன்றுகளைத் தனியே அடைத்திருந்தார்கள். காலுக்குக் கீழே தாளடி முழுக்கச் சாணமும் கோமியமும் ஊறிக் கிடந்தன. நிலத்துக்காரர் அதற்காகத்தான் கிடை போடச் சொல்லிக் கூலி கொடுக்கிறார். "சாணிக்குத்தான்யா மாடு வளக்கோம், பாலுக்கு இல்ல" என்றார் கிடைக்காரப் பெரியவர் ஒருவர். "பாலு கன்னுக்கே பத்தாது. மழைக்காலத்துல கீழ பூரா நெல்லு நிக்கும். அப்ப மாட்ட எங்கிட்டுக் கொண்டு போக? மலைதான்."

இந்தப் பேச்சில் இந்தப் பக்கத்தின் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. பயிர் நிற்கும்போது மாடு மேலே, பயிர் அறுத்தபின் மாடு கீழே. மலைப்புல் சாணமாக வயலுக்கு இறங்கி வருகிறது. பால் என்றால் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்தான் ஞாபகத்துக்கு வரும்; அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால் வீட்டுத் தொழுவில் கட்டி வளர்க்கிற கறவை மாட்டுப் பால். மலைமாட்டுக்கு அதில் பங்கில்லை. ஆனால் ஆண்டாள் தன்னை ஆய்ச்சியாகவே பாவித்து, குடம் நிறையப் பால் கொடுக்கும் பசுக்களைப் பாடிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மாட்டு வாசனை அந்த ஊருக்குப் புதிதல்ல.

இப்போது மலைப்பாதை அடைபட்டு வருகிறது. நரை அணிலுக்காக 1988-ல் இங்கே சரணாலயம் வந்தது. வால் நுனிவரை அளந்தால் முக்கால் மீட்டர் இருக்கிற பெரிய அணில் அது. பெரும்பாலும் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவிப் போவதால் கிளையோடு கிளை கோத்த காடு அதற்கு வேண்டும். 2021-ல் இந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயின. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்ச்சல் கூடாது என்றது. காடு பிழைக்க வேண்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. காடு அழிந்தால் அணையிலும் தண்ணீர் இருக்காது. ஆனால் மாட்டுக்காரரையும் காட்டை அழிப்பவரையும் ஒரே தட்டில் வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. எவ்வளவு மாடு, எந்த மாசம், எந்தச் சரிவு என்று அவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகு முடிவு எடுத்திருக்கலாம். சுவிட்சர்லாந்தில் இதே மலை மேய்ச்சல் வழக்கத்தை 2023-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

பக்கத்து ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை வந்ததை நாம் ஆண்டோடு சொல்கிறோம். பெரிய பசுக்கிடையில் முதல் மாடு படுத்த ஆண்டைச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் எந்த ஓடையில் பங்குனியிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் புல் மாட்டுக்கு ஆகாது என்று சொல்லக்கூடியவர்கள் மகாராஜபுரத்தைச் சுற்றி இன்றும் இருக்கிறார்கள். பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் ஒரு நோட்டோடு அந்தப் பெரியவரின் கிடைக்கு விடியக்காலத்தில் போகலாம். மாடு கிளம்பும் முன்னே போய்விட வேண்டும்.