கழிவுக்குள் ஒரு முகவரி
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடம் பேசியது)



வெளியேற்ற மண்டலம் நடத்தும்போது, சிறுநீர் என்றால் கழிவு என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அது போதும். அந்தக் கழிவில் மிதக்கும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நாளுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, ஒன்றரை லிட்டர் அளவுதான் வெளியே வருகிறது. அந்த வழி நெடுக உள்ள செல்கள், மெல்லிய படலம் சூழ்ந்த நுண்பைகளைச் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. எக்சோசோம் எனப்படுபவை பெரும்பாலும் 30 முதல் 150 நானோமீட்டர். நம் பள்ளி நுண்ணோக்கியில் தெரியாது. சிவப்பணுவே 7000 நானோமீட்டருக்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1980களில் முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் இப்படிப் பைகளை வெளியே தள்ளுவதைக் கண்டபோது, செல் குப்பை கொட்டுகிறது என்றே பலரும் நினைத்தார்கள். 2004-இல் அமெரிக்காவில் மார்க் நெப்பர் குழுவினர் மனிதச் சிறுநீரை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி இந்தப் பைகளைப் பிரித்தெடுத்தனர். அவற்றில் அக்குவாபோரின்-2 இருந்தது. சிறுநீரகத்தில் சேகரிப்புக் குழல் பகுதியில் நீரை உறிஞ்ச உதவும் புரதம் அது. வடிகட்டும் குளோமருலஸின் போடோசைட் செல்லிலிருந்து வரும் பையில் போடோசின் இருக்கும். பை எங்கிருந்து கிளம்பியது என்ற முகவரி அதிலேயே இருக்கிறது!

என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பாவுக்கு டயாலிசிஸ். "முன்னாடியே ஏன் சார் தெரியல?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. சிறுநீரகம் வலித்துச் சொல்வதில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் கண்ணில் படும்படி உயர்வதற்குள் ஏறத்தாழ பாதித் திறன் போயிருக்கலாம். எந்தப் பகுதி கெட்டது என்று உறுதியாக அறிய, ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டியிருக்கிறது. நுண்பைகளை வாசிக்க முடிந்தால் ஒரு குப்பிச் சிறுநீர் அதில் கொஞ்சம் சொல்லிவிடும் என்பதே ஆய்வாளர்களின் நம்பிக்கை.

இன்னும் நம்பிக்கைதான். சிறுநீரிலுள்ள யூரோமோடுலின் என்ற புரதம் வலைபோல் பின்னிப் பைகளைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் அதிகம் குடித்தவரின் மாதிரியையும் குடிக்காதவரின் மாதிரியையும் அப்படியே ஒப்பிட முடியாது. புவியீர்ப்பைப் போல 2 லட்சம் மடங்கு விசையில் சுழற்றும் கருவி தாலுகா மருத்துவமனைக்கு வரப்போவதுமில்லை. ஆகவே, எக்சோசோம் டெஸ்ட் என்று யாராவது விளம்பரம் செய்தால், பெற்றோர் காசைக் கொட்ட வேண்டாம்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் வீட்டில் வேறு யாரேனும் உண்டா என்றும் கேட்டேன். பெரியப்பா இருக்கிறாராம். சிறுநீரில் ஆல்புமின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.